அரிசியில் 35எஸ் வந்தால் விதை கெட்டுவிட்டது என்று பொருளா?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்களுடைய உழவர் குழு இயற்கை முறையில் விளைவித்த தூயமல்லியைத் தையில் அறுத்து, கிடங்கில் போட்டு வைத்து, ஆவணியில் பச்சரிசியாக அரைத்து ஜெர்மனிக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறது. மரபணு மாற்றுப் பொருள் இல்லை என்று ஆய்வறிக்கை வேண்டும் என்று வாங்குபவர் கேட்டிருக்கிறார். வந்த அறிக்கையில் ‘35எஸ்: கண்டறியப்பட்டது’ என்று இருக்கிறது. இப்போது குழுவுக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறார்கள். யாரோ வெளி விதையை வாங்கிக் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு. “எங்கள் விதை கெட்டுப்போய்விட்டதா? வைத்திருக்கும் விதைநெல்லை என்ன செய்வது?” என்பது அவர் கேள்வி. அறிக்கையின் பக்கங்களையும் அனுப்பியிருந்தார்.

தம்பி, முதலில் ஒன்று. விதைநெல்லில் யாரும் கை வைக்க வேண்டாம். யாரையும் குற்றம் சொல்லவும் வேண்டாம். எனக்கு வலங்கைமான் பக்கம். இருபது வருடத்துக்கு மேல் இந்தச் சோதனையைச் செய்த அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்த்தால் உங்கள் விதை மாறியிருக்க வழியில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அடுத்த வருடமும் இதே கேள்வி உங்களுக்கு வரும்.

35எஸ் என்பது மரபணு மாற்றுப் பயிரின் பெயர் அல்ல. காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த சின்னத் துண்டு அது. ஒரு மரபணுவைப் புதிதாகச் செடிக்குள் வைத்தால் அதை வேலை செய்ய வைக்க ஒரு விசை வேண்டும். உலகத்தில் சந்தைக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர்களில் ரொம்பவும் பரவலாகப் பயன்பட்ட விசை இந்த 35எஸ். அதேபோல மரபணு முடிகிற இடத்தைக் காட்டும் துண்டு ஒன்று உண்டு, அதற்கு நாஸ் என்று பெயர். அது அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது. இந்த இரண்டையும் தேடினால் பெரும்பாலான மரபணு மாற்றுப் பயிர்கள் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆய்வகம் முதலில் இவற்றைத் தேடுகிறது. இது முதல் சல்லடை. எந்தப் பயிர், எந்த வகை என்று இது சொல்லாது. ‘கண்டறியப்பட்டது’ என்றால் அந்த அரிசி மாவில் எங்கோ ஒரு மூலையில் அந்தத் துண்டு இருந்தது என்பது மட்டுமே. அது அரிசிக்குள்ளேயே இருந்ததா, அரிசியோடு ஒட்டிக்கொண்டு வந்ததா என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்லவே முடியாது.

சரி, எதை வைத்துச் சொல்லலாம்? உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் யாரும் கவனிக்காத ஒரு அட்டவணை இருக்கிறது. ‘சிடி மதிப்பு’ என்று போட்டிருக்கும். அதைப் பாருங்கள்.

இந்தத் துண்டுகளைத் தேட ஆய்வகம் பயன்படுத்துவது பிசிஆர் என்ற கருவி. அது என்ன செய்கிறது? தேடுகிற டிஎன்ஏ துண்டைச் சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாக்குகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், முப்பது சுழற்சியில் ஒரே துண்டு 107 கோடியைத் தாண்டிவிடும். எத்தனையாவது சுழற்சியில் கருவியின் கண்ணுக்கு அது தெரிய ஆரம்பிக்கிறதோ அந்த எண்தான் சிடி. நிறைய இருந்தால் சீக்கிரம் தெரியும், எண் சிறிதாக இருக்கும். கொஞ்சமாக இருந்தால் தாமதமாகும், எண் பெரிதாகும். உங்கள் அறிக்கையில் நெல்லுக்கே உரிய மரபணு 23-ல் வந்திருக்கிறது. ஒரே டிஎன்ஏவைக் கருவியில் இரண்டு சின்னக் குழிகளில் போட்டுப் பார்ப்பார்கள். 35எஸ் ஒரு குழியில் 37.8-லும் இன்னொன்றில் 38.2-லும் வந்திருக்கிறது. நாஸ் ஒரு குழியில் வந்து மறு குழியில் வரவே இல்லை.

இடையில் 15 சுழற்சி. இரண்டைப் பதினைந்து தடவை பெருக்கினால் 32,768. அதாவது நெல்லின் மரபணு ஏறக்குறைய முப்பத்து மூவாயிரம் இருக்கிற இடத்தில் 35எஸ் ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் விதையே மரபணு மாற்று விதையாக இருந்தால் ஒவ்வொரு அரிசியிலும் அது இருக்க வேண்டும், 35எஸ்ஸும் 23, 24-லேயே வந்திருக்கும். சரி, யாரோ ஒரு உறுப்பினர் வெளி விதையைக் கலந்துவிட்டார், நூறில் ஒரு பங்கு கலந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வித்தியாசம் ஆறு, ஏழு சுழற்சிதான் வரும், 30-க்குள் தெரிந்துவிடும். 38 என்பது கருவி பிடிக்கிற எல்லையின் விளிம்பு. ஒரு குழியில் தெரிந்து மறு குழியில் தெரியாமல் போவதும் இந்த அளவில்தான் நடக்கும், விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் துண்டுகள் இருக்கும் என்பதால். இது தூசி. விதையில் இருப்பது இப்படி வராது.

அடுத்தது, அந்தத் தூசி எங்கிருந்து வந்தது? நம் ஊரில் இதற்கு ஒரு பதில் கண்ணெதிரே இருக்கிறது. இந்தியாவில் விவசாயிகள் வணிகமாகப் பயிரிட அனுமதி பெற்று வயலுக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர் பிடி பருத்தி ஒன்றுதான். 2002-ல் வந்தது. பிடி கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்கள். கடுகுக்கு 2022-ல் பச்சைக்கொடி காட்டினார்கள், அது உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. நெல்லில் எதுவும் வெளியிடப்படவில்லை. ஆனால் டெல்டாவில் சம்பா, தாளடி அறுத்த வயலில் கோடைப் பருத்தி எத்தனை ஊரில் போடுகிறோம்! திருவாரூர், பாபநாசம், செம்பனார்கோவில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஆனி மாதம் போய்ப் பார்த்தால் பருத்தி மூட்டை மலையாகக் கிடக்கும். அதில் ஏறக்குறைய எல்லாமே பிடி பருத்தி. அந்தப் பருத்தியின் விதையிலும் இலைச்சருகிலும் 35எஸ் உண்டு, நாஸும் உண்டு.

இப்போது உங்கள் நெல் வந்த பாதையை யோசித்துப் பாருங்கள். தையில் அறுத்து மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்கினீர்கள். வைகாசி, ஆனியில் அதே கிடங்கில், இல்லாவிட்டால் பக்கத்துக் கொட்டகையில், உறுப்பினர்களின் பருத்தி வந்து இறங்கியதா? பருத்தி காய வைத்த படுதாவிலேயே நெல்லையும் கொட்டிக் கிளறினீர்களா? பருத்தி ஏற்றிப்போன சாக்கை உதறிவிட்டு நெல் பிடித்தார்களா? அரிசி ஏறிய வண்டி அதற்கு முன் என்ன ஏற்றியது? பருத்திச் செல்லில் டிஎன்ஏ நெல்லைப் போல ஐந்தாறு மடங்கு கனம். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்கூட, உங்கள் எண்கள் வருவதற்குக் கிலோ அரிசிக்கு இரண்டு பருத்திக்கொட்டை நொறுங்கிக் கலந்திருந்தால் போதும். பத்து டன்னில் அது சீராகக் கலந்திருக்காது. சாம்பிள் எடுத்த ஒன்றிரண்டு மூட்டையில் மட்டும் இருந்திருக்கலாம்.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை. அதே டிஎன்ஏ எடுத்த குழாயை ஆய்வகம் கொஞ்ச காலம் உறைநிலையில் வைத்திருக்கும். அதிலேயே பருத்திக்கு மட்டும் உரிய மரபணுவைத் தேடச் சொல்லுங்கள். பருத்தி வந்தால், நம் நாட்டில் பயிராகும் பிடி பருத்தியில் பெரும்பாலும் இருக்கிற மான் 531, மான் 15985 என்ற இரண்டு நிகழ்வுகளுக்கான தனிச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ‘நிகழ்வு’ என்றால், அந்த அயல் மரபணு எந்த இடத்தில் போய் உட்கார்ந்ததோ அந்த இடத்தின் அடையாளம். அது பொருந்திவிட்டால் வந்தது பருத்தி என்று உறுதி. பருத்தி வரவில்லை என்றால் மக்காச்சோளத்தையும் சோயாவையும் தேட வேண்டும், லாரியிலும் கன்டெய்னரிலும் கோழித்தீவனம் போகிற காலம் இது. கடுகு, முட்டைக்கோசுத் தூசி என்றால் அந்த வைரஸ் தாக்கிய செடியிலிருந்தே 35எஸ் வந்திருக்கலாம். வைரஸுக்கென்று தனிச் சோதனை உண்டு.

அப்புறம் ஆய்வகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை நான் யாரையும் குறைசொல்லச் சொல்லவில்லை, என் கையாலேயே நடந்ததைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு ஆய்வகத்தில் ஏற்றுமதிக்குப் போகும் அரிசி ஒன்றில் 35எஸ் வந்தது. இரண்டாவது முறை செய்தோம், வந்தது. மூன்றாவது முறையும் வந்தது. அறிக்கை கொடுத்துவிட்டோம். சரக்கு துறைமுகத்தில் நின்றுவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் அரவை இயந்திரத்தின் மூடியைக் கழற்றி, உள்ளே ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தேன். வளையத்துக்கு அடியில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு கோடு மாதிரி பொடி ஒட்டிக் கிடந்தது. அதற்கு முந்தின நாள் அரைத்தது மாட்டுத்தீவன சாம்பிள், பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. மூன்று முறை செய்தும் மூன்று முறையும் ஒரே இயந்திரத்தில் அரைத்த ஒரே மாவைத்தான் செய்திருக்கிறோம். மீதி அரிசியைக் கழுவி உலர்த்தி, வேறு இயந்திரத்தில் அரைத்துச் செய்தபோது எதுவும் வரவில்லை. திருத்திய அறிக்கை போவதற்குள் அந்த விவசாயிகளுக்கு ஆர்டர் போய்விட்டது. இன்றைக்கும் அந்த வளையம் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஆய்வகத்திடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரிசியே போடாமல், மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து ஒரு வெற்றுக் குழாய் வைத்தீர்களா, அதில் என்ன வந்தது என்று கேளுங்கள். வெற்றுக் குழாயில் 39-ல் ஏதாவது தலைகாட்டியிருந்தால் உங்கள் 38-க்கு ஒரு மதிப்பும் இல்லை. மாவரைத்ததிலிருந்து திரும்பச் செய்தீர்களா, டிஎன்ஏவிலிருந்து மட்டும் திரும்பச் செய்தீர்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆய்வகங்களுக்குத் தேசிய அளவில் தரச்சான்று தரும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறது என்று சொன்னால் போதாது, அந்த அங்கீகாரப் பட்டியலில் அரிசியில் மரபணு மாற்றுச் சோதனை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மறுபரிசோதனை வேண்டும் என்றால் டெல்லியில் தேசியத் தாவர மரபணு வள மையமும் ஹைதராபாத்தில் சிடிஎஃப்டி என்ற டிஎன்ஏ ஆய்வு மையமும் இதில் நீண்ட அனுபவம் உள்ள அரசு நிறுவனங்கள்.

சாம்பிள் எடுப்பதில்தான் நம் ஆட்கள் ரொம்பக் கோட்டை விடுகிறார்கள், இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். கதவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மூட்டையில் குத்தூசியைச் சொருகி அரைக் கிலோ எடுத்து அனுப்பிவிடுகிறோம். நெல் வியாபாரி ஈரப்பதம் பார்க்க அது போதும், இதற்குப் போதாது. ஆயிரத்தில் ஒரு அரிசி மாற்று அரிசியாக இருந்தால் அதை 95 சதவீத நிச்சயத்தோடு பிடிக்க 3,000 அரிசியையாவது சோதிக்க வேண்டும். நூறில் ஒன்று என்றால் 300 போதும். தூயமல்லி மாதிரி சன்ன ரகத்தில் 3,000 அரிசி ஐம்பது, அறுபது கிராம்தான் வரும், கொஞ்சமாகத் தெரியும். ஆனால் அந்த 3,000 அரிசியும் எல்லா மூட்டையிலிருந்தும் வந்தவையாக இருக்க வேண்டும். ஒரே மூட்டையிலிருந்து மூன்று லட்சம் அரிசி எடுத்தாலும் அது அந்த ஒரு மூட்டையின் கதைதான். ஆகவே அடுக்கின் மேல், நடு, அடி என்று பல மூட்டைகளில் எடுத்து, சுத்தமான புதுப் பாத்திரத்தில் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைச் சேர்த்து, கடைசியில் இரண்டரைக் கிலோ அளவுக்கு அனுப்புங்கள். இன்னொரு இரண்டரைக் கிலோவை முத்திரை வைத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஜெர்மனிக்காரர் ஒன்று சொன்னால் பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். குத்தூசியையும் அதற்கு முன் கழுவித் துடைத்துவிடுங்கள், அது போன மாதம் எதைக் குத்தியதோ தெரியாது.

ஜெர்மனிக்காரர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று நீங்கள் சலித்துக்கொண்டிருந்தீர்கள். அவருக்கும் காரணம் உண்டு. 2006 ஆகஸ்டில் அமெரிக்க நீள அரிசியில் எல்எல் 601 என்ற, அப்போது அனுமதியே பெறாத களைக்கொல்லி தாங்கும் ரகம் கலந்திருப்பது தெரிய வந்தது. ஐரோப்பா கதவைச் சாத்தியது, விலை சரிந்தது, கடைசியில் 2011-ல் அந்த நிறுவனம் 75 கோடி டாலர் கொடுத்து விவசாயிகளோடு சமரசம் செய்தது. சீன அரிசியில் பிடி 63 என்ற மரபணு மாற்று நெல் வந்ததும் அதே காலம். 2021-ல் இந்தியாவிலிருந்து போன சுமார் 500 டன் குருணையின் மாவில் மரபணு மாற்றுப் பொருள் இருப்பதாகப் பிரான்ஸ் எச்சரிக்கை விட்டது. நம் நாட்டில் மரபணு மாற்று நெல் வணிகமாக விளையவே இல்லை, அங்கே கலந்திருக்கலாம் என்று இந்திய அரசு பதில் சொன்னது. ஐரோப்பாவில் 0.9 சதவீதம் வரை தற்செயலாக இருந்தால் ‘மரபணு மாற்றுப் பொருள்’ என்று பொட்டலத்தில் லேபிள் போடத் தேவையில்லை என்று ஒரு விதி உண்டு, ஆனால் அது அங்கே அனுமதி பெற்றவற்றுக்கு மட்டும். நெல்லில் அங்கே அனுமதி பெற்றது எதுவும் இல்லை, எனவே அரிசிக்குள் இருந்தால் பூஜ்யம்தான். நாமும் அப்படித்தான் கேட்கிறோம்: 24 பயிர்களை இறக்குமதி செய்பவர் மரபணு மாற்றம் இல்லை என்று சான்று தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. தற்செயல் கலப்புக்கு 1 சதவீதம் வரை இடம் கொடுத்தார்கள். அந்த 24-ல் நெல்லும் இருக்கிறது.

புழுங்கல் அரிசி அனுப்புகிற குழுக்களுக்காக ஒரு வார்த்தை. பருத்தி இலையில் வைத்துப் பார்க்கிற பட்டைச் சோதனையைச் சிலர் அரிசிக்கும் வைத்துப் பார்த்துவிட்டு ‘சுத்தம்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டை புரதத்தைத் தேடுவது. நெல்லை ஊற வைத்து அவித்தால் புரதத்தின் உருவம் குலைந்துவிடும், பட்டைக்கு அது தெரியாது. டிஎன்ஏகூட அவியலில் துண்டு துண்டாக உடைகிறது. நூறு எழுத்து நீளத்துக்குக் குறைவான துண்டைத் தேடும் பிசிஆர் முறையில்தான் புழுங்கல் அரிசியில் நம்பிப் பார்க்க முடியும்.

உங்கள் குழுவில் ஒருவர் ‘சிஆர் 1009 சப் 1 போட்டவர் வயல் பக்கத்தில் இருக்கிறது, அதிலிருந்து மகரந்தம் வந்திருக்கும்’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், சப் 1 மரபணு மாற்று நெல் இல்லை. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நாட்டு ரகத்தில் இருந்த, இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் குணத்தை, ஒட்டுச்சேர்த்து ஒட்டுச்சேர்த்துக் கொண்டுவந்தது அது. எந்த நாற்று அந்தக் குணத்தை வாங்கியிருக்கிறது என்று பார்க்க மட்டும் டிஎன்ஏ சோதனை பயன்பட்டது. ஆடுதுறை ரகங்கள், கோ 51, பிபிடி எதிலும் 35எஸ் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் சம்பாவைக் காப்பாற்றிக்கொடுத்த ரகத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் இன்னொரு விஷயம் வருகிறது, அதில் இந்தச் சல்லடை உதவாது. 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அதில் கமலா என்பது சம்பா மசூரியிலிருந்து, அதாவது நம் பிபிடியிலிருந்து, வந்தது. நெல்லின் சொந்த மரபணு ஒன்றில் சில எழுத்துகளை மட்டும் வெட்டியிருக்கிறார்கள், வெளியிலிருந்து வைத்த துண்டு கடைசி விதையில் இல்லை. 35எஸ், நாஸ் தேடினால் ‘இல்லை’ என்றுதான் வரும். இந்த வகைத் திருத்தத்துக்கு நம் நாட்டில் 2022-லேயே மரபணு மாற்றுப் பயிருக்கான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றமோ 2018-ல் இவையும் மரபணு மாற்று உயிரிகள்தான் என்று தீர்ப்புச் சொன்னது, அங்கே சட்டத்தை மாற்றும் வேலை அதற்குப் பிறகு தொடங்கியது. எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தைப் படித்துப் பார்த்துச் சொல்லலாம். தெரியாமல் பொதுவாகத் தேடிப் பிடிக்க எந்த ஆய்வகத்தாலும் ஆகாது. அதனால் உங்களிடம் இருக்க வேண்டியது விதை நோட்டு. யாரிடமிருந்து எந்த வருடம் எத்தனை மரக்கால் விதை வந்தது, எந்த வயலில் போட்டது, பக்கத்து வயலில் என்ன ரகம், எந்தக் களத்தில் அடித்தது. நம் தாத்தாக்கள் வாய்க்கணக்காக வைத்திருந்ததுதான், நீங்கள் எழுதி வையுங்கள். விதைத் திருவிழாவில் வாங்கினாலும் கொடுத்தவர் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வாங்குபவருக்கு இன்றே ஒரு கடிதம் போடுங்கள்: தொடக்கச் சோதனையில் விளிம்பு அளவில் வந்திருக்கிறது, மூலத்தைக் கண்டறியும் சோதனை நடக்கிறது, முடிவு வரும்வரை சரக்கை அனுப்பவில்லை என்று. மறைத்து வேறு ஆய்வகத்தில் ‘இல்லை’ என்று வாங்கி அனுப்பினால் ஹாம்பர்கில் அவர்கள் திரும்பச் சோதிப்பார்கள். அப்புறம் ஆய்வகத்தில் பருத்தி மரபணுவைத் தேடச் சொல்லுங்கள். அதோடு, வீட்டுக் குதிரில் இருக்கும் விதைநெல்லில் உறுப்பினருக்கு ஒரு கைப்பிடி வாங்கி, தனித்தனிப் பொட்டலமாகப் பெயர் எழுதி, கையாலேயே உமியை உரித்துக் கழுவி நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். மில் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அந்த விதைநெல்லில் 45 சுழற்சி வரை எதுவும் வராமல் இருந்தால் விதையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது, மீதி சாக்கும் கிடங்கும்தான். அரிசியை மூட்டை மூட்டையாகப் பிரித்துச் சோதித்தால் எந்த அடுக்கு கெட்டது, எது நல்லது என்றும் தெரிந்துவிடும். நல்லதை மறுபடி சலித்துத் தூற்றிப் புதுச் சாக்கில் கட்டி அனுப்பலாம்.

எண்கள் வந்ததும் வெற்றுக் குழாய் முடிவையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.